ராயபுரம் ஸ்டேஷன்ல பேய் இல்ல தம்பி, ரயில் ஓடுது

வடசென்னையில இருக்குற எங்க ராயபுரம் ஸ்டேஷனைப் பேய் ஸ்டேஷன்னு ஒரு தம்பி ராத்திரி வந்து எடுத்த அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன், போதும். 'யாருமே வராத மர்ம ஸ்டேஷன்'னு தம்பி கிசுகிசுக்கிறாரு, அவர் முதுகுக்குப் பின்னாடியே கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து நிக்குது. மியூசிக் போட்டுச் சத்தத்தை அமுக்கிட்டா ரயில் இல்லன்னு ஆயிடுமா?

ராயபுரம் ஓடுற ஸ்டேஷன். 1856 ஜூலை 1-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காடு பக்கத்துல இருக்குற வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்புச்சு. சென்ட்ரலே 1873-லதான் வந்துச்சு. 1853-ல பம்பாய்-தாணே ரயில் ஓடின ஸ்டேஷன் கட்டடங்க இப்போ இல்ல. இது நிக்குது. அதனாலதான் நாட்டுலயே பழைய ஸ்டேஷன் கட்டடம்னு இதைச் சொல்றாங்க. பேய்க் கதைக்கு இதெல்லாம் எதுக்கு, இல்ல?

'கூட்டம் கம்மிதானே'ன்னு கேப்பீங்க. கம்மிதான். அப்படிப் பார்த்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க தெருவும் பேய்த் தெருதான். 'வியூஸுக்குப் பண்றான், விடுப்பா'ன்னா, விட முடியாது.

எங்க தாத்தா அரக்கோணம் பக்கத்துக் கிராமத்துல இருந்து கேங்மேன் வேலைக்கு, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலைக்கு, இங்க வந்தவர். க்வார்ட்டர்ஸ்ல ஒரு பக்கம் தெலுங்குக்காரங்க, ஒரு பக்கம் ஆங்கிலோ இந்தியன் வீடு. தண்டையார்பேட்டை யார்டுல ராத்திரி முழுக்க வேகன் இடிக்கிற சத்தம் கேக்கும். அது நின்னாதான் பாட்டி முழிச்சிக்கும். 1974 மே மாசம் ரயில்வே ஸ்ட்ரைக்ல தாத்தாவும் இறங்கினார். வீட்டுல அரிசி இல்ல, பாட்டி கம்மல் அடகுக்குப் போச்சு. கடைசி வரைக்கும் மீட்கல.

கிழக்கே துறைமுகம், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவுல யார்டும் தண்டவாளமும். எங்க ஊரு அமைப்பே அதுதான். ரயில்வே கேட்டு போட்டா கூட்ஸ் போற வரைக்கும் கல்யாண வண்டியும் நிக்கணும், பிரசவ வண்டியும் நிக்கணும். நெல்லும் நிலக்கரியும் உங்களுக்கு வரணுமில்ல, அதுக்காக நின்னோம். நின்னவங்களை யாரும் வீடியோ எடுக்கல. வடசென்னைன்னா உங்களுக்கு ரவுடி. அது சலிச்சுப் போச்சுன்னு இப்போ பேய்!

'ஓவரா ஃபீல் பண்றீங்க'ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தாரு. ஆமாங்க, பண்றேன். உங்க தெருவுல ஒருத்தன் ராத்திரி டார்ச்சோட வந்து இங்க மனுஷனே இல்லன்னு சொல்லட்டும், அப்போ பேசுவோம்.

அப்புறம், கீழ 'வடசென்னை கெத்து'ன்னு நெருப்பு ஸ்மைலி போடுறவங்க கொஞ்சம் அடங்குங்க. அதுவும் எனக்குப் பிடிக்கல.