டீசல் வண்டியின் வயதை மட்டும் பார்க்காதீர்கள்

பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளை ரோட்டை விட்டே தூக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்து ஆட்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். கோபம் நியாயம்தான். பேஹெட் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் புகையை கிளேர்வுட், மெரேபேங்க் பக்கத்து ஜனங்கள் வருஷக்கணக்காகச் சுவாசிக்கிறார்கள், டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே அறிவித்துவிட்டது. ஆனால் வயதை மட்டும் வைத்து விரட்டினால் உண்மையான குற்றவாளி தப்பிவிடும்.

பழைய எஞ்சினில் நடப்பது இதுதான். இன்ஜெக்டர் முனை தேய்ந்து, கரி பிடித்து, டீசல் பொடியாகத் தூவாமல் சொட்டாக விழும், பாதி எரிந்தும் எரியாமலும் கரும்புகையாக வெளியே போகும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தளர்ந்தாலும் அதே கதைதான். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எஞ்சின் ஆயிலும் எரிந்து நீலப்புகை. ஒழுங்காக சர்வீஸ் செய்த பழைய லாரி, அளவுக்கு மீறி பாரம் ஏற்றி கவனிக்காமல் விட்ட புது லாரியைவிடக் குறைவாகவே புகைக்கலாம்.

புகையோடு வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவின் கதை வேறு. பழைய எஞ்சினில் அது முதல் நாளிலிருந்தே அதிகம், வயதோடு பெரிதாக ஏறுவதில்லை. அதைக் குறைக்கும் கருவி உள்ள புதிய வண்டிகளில்தான் கருவி கெடக் கெட ஏறுகிறது, புகை மாதிரி கண்ணுக்கும் தெரியாது.

எனக்கு ஆத்திரம் வருவது டி.பி.எஃப், அதாவது புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி விஷயத்தில். நல்ல நிலையில் உள்ள அந்த வடிகட்டி கரித்துகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். அது அடைத்துக்கொண்டால் மாற்ற எக்கச்சக்கச் செலவு, அதனால் சிலர் கழற்றி எறிந்துவிட்டு வண்டியின் கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடுகிறார்கள். ஒரே மதியத்தில் வண்டிக்கு இருபது வயது கூடிவிடுகிறது! போதாததற்கு நம் பங்க்கில் கந்தகம் 50 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), 500 பி.பி.எம் என்று இரண்டு டீசல். விலை குறைவு என்று கந்தகம் அதிகமுள்ளதைப் புது வண்டியில் ஊற்றினால் அந்தக் கருவிகள் சீக்கிரமே கெடும்.

சரி, இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பெரிய லாரிக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பக்கி (சின்ன பிக்அப்) வண்டிக்கு, கைமாறும்போது மட்டும்தான். விற்காமலே வைத்திருந்தால் பதினைந்து வருஷமானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வண்டிகளுக்கும் வருஷச் சோதனை வேண்டும். டி.பி.எஃப் இருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்க வேண்டும், அப்புறம் அந்த வடிகட்டியைக் கழற்றித் தருகிற கடைகள் மீதும் அபராதம் போட வேண்டும்.