நேர்காணல் அறைக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி

கேஸ் இன்டர்வியூவுக்கு, அதாவது ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் நேர்காணலுக்கு, நன்றாகப் பயிற்சி எடுத்தால் கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும்) வேலை கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் அந்த அறை வரைக்கும் போனால்தானே?

மேலாண்மைக் கல்லூரி கேம்பஸில் முதலில் ஷார்ட்லிஸ்ட், அதாவது நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்ற பட்டியல். ஒரு பக்க சிவியில் பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மதிப்பெண்கள் மேலேயே வரிசையாக நிற்கும். கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கும் சம்மர் பிளேஸ்மென்ட், சேர்ந்த சில மாதங்களிலேயே வந்துவிடும். அதற்குள் எம்பிஏ மதிப்பெண் என்று காட்ட பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆக, பதினைந்து வயதில் எழுதிய பரீட்சைதான் நமக்காகப் பேசுகிறது. அகமதாபாத் ஐஐஎம் போன்ற இடங்களில் சேர்க்கைக்கே கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு இந்தப் பழைய மதிப்பெண்களும் கணக்கில் வருகின்றன.

என் தங்கை ப்ளஸ் டூ எழுதியபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். 1200-க்கு 890. அப்புறம் பொறியியலில் 8.7 சிஜிபிஏ, கேட்டில் 99 பர்சென்டைல். இருந்தும் எம்பிஏ கேம்பஸில் விண்ணப்பித்த எந்தப் பெரிய கன்சல்டிங் நிறுவனத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மெக்கின்சி என்ற பெரிய கன்சல்டிங் நிறுவனம் 'சால்வ்' என்ற கணினி விளையாட்டை வைத்தும் ஆட்களைப் பார்க்கிறது. அப்படி இன்றைய திறமையை அளக்கும் தேர்வுகளுக்கு முதல் சுற்றிலேயே அதிக இடம் வேண்டும்.

தங்கை ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து, தெரிந்தவர் பரிந்துரையில் கன்சல்டிங்குக்குள் போனாள். அப்போது யாரும் ப்ளஸ் டூ மார்க் கேட்கவில்லை.