ஓவிய வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

பெரியவர்களுக்கான ஓவிய வகுப்புகள் இப்போது நிறைய நடக்கின்றன. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பலவும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற வகை. முன்னால் ஒரு படம் மாட்டியிருக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எல்லோரும் அதே மரம், அதே நிலா வரைவார்கள். கடைசியில் ஆளுக்கொரு செல்ஃபி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர்கூட மறுநாள் ஞாபகம் இருக்காது.

வாரம் ஒருமுறை, அதே ஆட்கள், மாதக்கணக்கில் கூடுகிற வகுப்புகள்தான் நமக்கு வேண்டும். அதில் வித்தையையும் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும். "நாலு பேரோடு பழகினால் போதும், படம் எப்படி வந்தால் என்ன" என்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்றுக்கொள்கிற சிரமம்தான் ஆட்களைப் பேசவைக்கிறது.

நான் போகும் வகுப்பில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். வணக்கத்தோடு சரி, பேச்சே கிடையாது. ஒருநாள் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் நிழலுக்கு நேரடியாகக் கறுப்பைப் பூசிவிட்டு, படம் செத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று விழித்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக, "கறுப்பு வேணாம்மா. அல்ட்ராமரைன் நீலத்துல கொஞ்சம் பர்ன்ட் சியன்னா பழுப்பு சேர்த்துப் பாரு" என்றார். சேர்த்தாள். உயிருள்ள ஒரு சாம்பல் நிறம் வந்தது. நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் பழைய சுவர். "அங்கிள், இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள். அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் தட்டில் நிறம் கலந்துகொண்டே இருந்தார்கள். அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து வரைவது பெரிய வசதி. கண் தாளில் இருக்கும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

1934இல் இங்கிலாந்தின் ஆஷிங்டன் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் கலை ரசனை கற்க மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். புகழ்பெற்ற ஓவியங்களைக் காட்டி விளக்கியது எடுபடவில்லை. ஆசிரியர் ராபர்ட் லயன் அவர்களையே வரையச் சொன்னார். சுரங்கத்தையும் வீட்டையும் தெருவையும் வரைந்து, ஒருவர் படத்தை மற்றவர்கள் அலசினார்கள். சுரங்க வேலையையும் விடவில்லை, அந்தக் கூட்டமும் பல பத்தாண்டுகள் கலையவில்லை. அவர்களுடைய ஓவியங்கள் இன்றைக்கு வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு ஒன்றை அடிக்கடி சொல்வார்கள். 39 பேர் 45 நிமிடம் கலைப்பொருள் செய்ததில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அது ஒரே ஒரு அமர்வின் பலன். திரும்பத் திரும்பக் கூடுவதில் வளர்கிற உறவை 45 நிமிடத்தில் அளக்க முடியாது.

அதனால் வகுப்பு நடத்துகிறவர்களே, மாணவர் தாளில் உங்கள் தூரிகையை வைக்காதீர்கள். திருத்தம் காட்ட வேண்டுமானால் தனித்தாளில் காட்டுங்கள். வாட்டர்கலருக்கு மெல்லிய தாள் கொடுக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் அது அலையலையாக நெளியும், புதிதாக வந்தவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுவார். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாளில் பாதி அளவு கொடுத்தாலும் போதும். கடைசிக் கால் மணி நேரம் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து, எல்லோரையும் பேசவிடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வியை முதலில் எடுத்துவிடுங்கள். வர ஆசைப்பட்ட பலர் அந்த வரியைப் பார்த்ததுமே படிவத்தை மூடிவைத்துவிடுகிறார்கள்.