என் பெயரைச் சொல்லி அவரை அடிக்காதீர்கள்

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பூனை வளர்க்கும் ஒருவர் போட்ட அந்தப் பதிவையும் அதன் கீழே நடந்ததையும் நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். குட்டியிலிருந்து வளர்த்த இரண்டு பூனைகள். திடீரென்று வந்த அலர்ஜியால் வைத்துக்கொள்ள முடியவில்லை, ராத்திரியில் மூச்சு விட முடியவில்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள நல்ல வீடு கிடைக்குமா என்று கேட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான். அதற்கு அவரை ஈவு இரக்கம் இல்லாதவர் என்றார்கள், நடிக்கிறார் என்றார்கள், பொம்மை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள். சாயங்காலத்துக்குள் அவர் பதிவை நீக்கிவிட்டு, கணக்கையும் முடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்னை டேக் செய்து எழுதியிருந்தார்: "இவங்களுக்கும் இதே அலர்ஜிதான். பூனையை விட்டாங்களா? மனமிருந்தால் மார்க்கம் உண்டு." கூடவே என் பூனைகளின் படம். அதற்கு வரிசையாக ஹார்ட்டுகள்.

தயவுசெய்து என் பெயரைச் சொல்லி இன்னொருவரை அடிக்காதீர்கள். என் பூனைகள் இன்னும் என்னுடன் இருப்பதற்குக் காரணம் என் மனசு அவர் மனசைவிடப் பெரியது என்பதில்லை. என் நுரையீரல் இன்றுவரை ஓரளவாவது மருந்துக்குக் கட்டுப்படுகிறது, அவருடையது கட்டுப்படவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, பாசத்தில் இல்லை.

"இத்தனை வருஷம் வராத அலர்ஜி இப்போது மட்டும் எப்படி வரும்?" அதிகம் லைக் வாங்கிய கேள்வி இதுதான். இதே கேள்வியை டாக்டரிடம் நானும் கேட்டிருக்கிறேன், அழுதுகொண்டே. எனக்கு முதலில் காலைத் தும்மல்தான் வந்தது. தூசு என்று விட்டுவிட்டேன். அப்புறம் கண் அரிப்பு. அப்புறம் ஒருநாள் என் பூனைகளில் பெரியவள் வழக்கம்போல மடியில் ஏறி, கன்னத்தை என் கழுத்தில் தேய்த்துவிட்டுப் போனாள். அவள் தேய்த்த இடம் முழுக்கக் கோடு போட்டதுபோலத் தடித்துச் சிவந்துவிட்டது. அதையும் கொசு என்று சொல்லிச் சமாளித்தேன். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்த ராத்திரிக்குப் பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் அலர்ஜி தரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் லேசாகக் குத்தி, கால்மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் கால்மணி நேரமும் நான் பூனைக்கான புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வீங்கக்கூடாது, வேறு எது வேண்டுமானாலும் வீங்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மற்றவற்றுக்கு முன்னால் அதுதான் வீங்கியது.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு புரதத்தைப் பகையென்று உடம்பு முடிவுகட்டுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளைத் தயாரிக்கும், அது மாஸ்ட் செல்கள் என்கிற எதிர்ப்புச் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை நமக்கு ஒன்றுமே தெரியாது. அதன் பிறகு அதே புரதம் வரும்போதுதான் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்கிற ரசாயனத்தைக் கொட்டி, தும்மல், அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் ஆரம்பிக்கும். இந்தத் தயாரிப்புக்குச் சிலருக்கு மாதங்கள் ஆகலாம், சிலருக்குப் பல வருடங்கள் ஆகலாம். ஆக, வருஷக்கணக்காக வளர்த்தவருக்கு வருவது பொய்யில்லை. இப்படியும் வரும், வந்துகொண்டும் இருக்கிறது.

"முடியை வெட்டிவிடலாமே, முடி இல்லாத வகை வளர்க்கலாமே, தினமும் குளிப்பாட்டலாமே" என்று பாடம் எடுத்தவர்களுக்கும் சொல்கிறேன். பிரச்சினை முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் உருவாகும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியமான காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்கிறது, எச்சில் காய்கிறது, தோல் துகளோடு சேர்ந்து பறக்கிறது. முடியில்லாத பூனைக்கும் எச்சில் உண்டு. குளிப்பாட்டினால் சில நாளில் மறுபடி பழைய நிலைதான். அந்தத் துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், துணியில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீட்டுக்குள்ளும் போகும். பூனையை அனுப்பிய பிறகும் வீட்டில் அதன் அளவு இறங்க 4 முதல் 6 மாதம்கூட ஆகும். இதைத் தெரிந்துகொள்ளாமல், "ஒரு வாரம் பூனைகளை வேறு வீட்டில் விட்டும் குறையலைன்னு அவரே எழுதியிருக்கார், அப்படின்னா பூனை காரணமே இல்லை" என்று ஒருவர் துப்பறிந்திருந்தார். அதை நூறு பேர் ஆமோதித்தார்கள்.

சரி, நான் எப்படிச் சமாளிக்கிறேன்? படுக்கையறைக்குள் பூனைகளுக்கு அனுமதி இல்லை. காற்றில் உள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ராத்திரி பகலாக ஓடுகிறது. மூக்குக்கு ஸ்ப்ரே, நெஞ்சுக்கு இன்ஹேலர். பூனைகள் மலஜலம் கழிக்கும் மண்தொட்டியைச் சுத்தம் செய்ய வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். ஒவ்வாமைக்கான ஊசியும் போட்டுக்கொள்கிறேன், அது 3 முதல் 5 வருடச் சிகிச்சை. இதில் எது அவருக்கு இருந்தது? ஒரே அறை உள்ள வீடு என்று எழுதியிருந்தாரே, யாராவது படித்தீர்களா? எந்தக் கதவை அவர் சாத்துவார்? ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு அந்த ஊசியைத் தொடங்கவே தயங்குவார்கள் என்பதாவது தெரியுமா?

என் வீட்டில் அந்தக் கதவைச் சாத்துவதும் சும்மா இல்லை. சின்னவள் பிறந்ததிலிருந்து என் காலடியில் படுத்தவள். இப்போது தினமும் ராத்திரி கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நகத்தால் பிறாண்டுகிறாள். கதவின் அடிப்பக்கம் சாயமெல்லாம் போய் மரம் தெரிகிறது. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியாது, சொல்லவும் வழியில்லை. நீங்கள் ஹார்ட் போட்ட "மார்க்கம்" இதுதான்.

"இப்படி எல்லோரும் அலர்ஜி என்று சொல்லித் தெருவில் விட ஆரம்பித்துவிடுவார்களே" என்று மீட்புப் பணியில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. அலர்ஜியைச் சாக்காக வைத்து மூட்டை கட்டி விட்டுவிட்டுப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இவர் தெருவில் விடவில்லை. கேட்டார். வீடு தேடினார். சொல்லிவிட்டுச் செய்பவரை இப்படிக் கிழித்தால், அடுத்தவர் சொல்லாமலே செய்வார். அப்போது தெருவுக்குப் போவது பூனைதான்.

"பெற்ற குழந்தையையும் கொடுத்துவிடுவீர்களா?" இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"கூடவே இருந்தால் பழகிவிடும்." சிலருக்குப் பழகலாம். ஆனால் ஆஸ்துமா வந்துவிட்டவருக்கு, ஒத்துக்கொள்ளாததைத் தினமும் சுவாசித்துக்கொண்டே இருப்பது நோயை முற்றவைக்கும். ஆஸ்துமாவில் ஆள் செத்துப்போவதும் உண்டு. பழகிவிடும் என்று எழுதியவர்களில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருக்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பூனைகளின் படத்துக்கு ஓடிவருகிற நீங்கள், என் மூச்சைப் பற்றி எழுதியபோது எத்தனை பேர் வந்தீர்கள்? என்னை டேக் செய்தவர் இதுவரை ஒரு தடவைகூட "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டதில்லை. ராத்திரி விசில் சத்தம் இப்படியே தொடர்ந்தால் வேறு முடிவுதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று போன முறை டாக்டர் எனக்கும் சொல்லிவிட்டார். வீட்டில் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு நான் வந்து என் பெண்களுக்கு ஒரு வீடு கேட்டால், இதே நீங்கள், இதே வார்த்தைகளோடு என் பக்கத்துக்கும் வருவீர்கள். எனக்கு மனசு விட்டுப்போனது அதனால்தான். அவருக்காக மட்டும் இல்லை.

அத்தனை கமென்டில் "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முழுக்கப் படித்துத் தேடிப் பார்த்துவிட்டேன். வளர்ந்த பூனைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே திட்டியவர்கள் எல்லோருக்குமே தெரியும்.

அவரை ஒரு நண்பர் மூலமாகத் தொடர்புகொள்ள முடிகிறது. பூனைகள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. எடுத்துக்கொள்ள முடிந்தவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் கேட்கிறவர்கள் வேண்டாம். அவர் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பார்.