தாத்தா நின்ற படையில் எனக்கு இடமில்லை என்கிறார்கள்

இந்திய இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பேரன், ஆள்சேர்ப்புக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது என்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அந்தப் பேரன் நான்தான். என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1967-இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 போரில் மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் நின்றவர். அதற்காகக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் பதக்கத்தை இன்றும் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். படையிலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மகள் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் மசி மங்காமல் இருக்கின்றன. அம்மா ஒரு தேர்தல் விடாமல் வாக்களிப்பவர். நான் பிறந்ததும் படித்ததும் வேலூரில். ஆனாலும் நான் இந்தியன் இல்லையாம்.

என் அப்பா 1990-இல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்த அகதி என்பதுதான் காரணம். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே கடல் தாண்டி வந்த சிறுவனின் கையில் கடவுச்சீட்டு இல்லாததால், சட்டத்தின் கணக்கில் அவர் சட்டவிரோதக் குடியேறி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதேதான். இத்தனைக்கும் அவருடைய முன்னோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஹட்டன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். 1948-இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்கு விரட்டப்பட்டார்கள். கடைசியில் புறப்பட்ட மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அகதி முகாம் பதிவு எண்.

என்னை அதைவிடக் கொதிக்க வைப்பது வேறு ஒன்று. குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்றிருந்தது. 2003-இல் கொண்டுவந்த திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அக்கா பிறந்தது 2003. நான் பிறந்தது 2005. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பத்தடி அறை. அக்கா இந்தியக் குடிமகள், நான் அந்நியன். இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம் என்று நான் கேட்காத அலுவலர் இல்லை. எல்லாரும் பரிவோடுதான் பேசுகிறார்கள்; கோப்பு மட்டும் நகர்வதில்லை.

இந்தக் கதவு முதன்முதலில் என் முகத்தில் அறைந்தது பள்ளியில். என்.சி.சி.க்கு ஆள் எடுத்த அன்று தாத்தா தம் கையாலேயே என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, "விறைப்பா நில்லு, கண்ணு நேரா இருக்கணும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அனுப்பினார். உயரம் பார்த்தார்கள், ஓடவிட்டார்கள், இரண்டிலும் தேறினேன். பிறகு படிவத்தை வாங்கிப் படித்த ஆசிரியர், முகாம் முகவரியைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்தியக் குடிமக்களும் நேபாளக் குடிமக்களும்தான் சேரலாம் என்பது விதி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சீருடை வாங்கிய மற்ற பையன்கள் மைதானத்தில் அணிவகுத்து நின்றபோது நான் வகுப்பறை ஜன்னலுக்குள் இருந்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குடியுரிமை இல்லாதவரை இந்திய இராணுவம் சேர்ப்பதே இல்லை என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. நேபாளத்துக் கூர்க்காக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் படையில் இருக்கிறார்கள். 1962-இல் திபெத்திய அகதிகளைக் கொண்டே சிறப்பு எல்லைப் படையை உருவாக்கினார்கள். அவர்கள் 1971-இல் சிட்டகாங் மலைகளில் சண்டையிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த இடத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை; அது அவர்கள் இரத்தம் சிந்திப் பெற்றது. இராணுவ அதிகாரிகளுக்கான தேர்வு அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு பாகிஸ்தான், பர்மா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் மத்திய அரசின் தகுதிச் சான்று இருந்தால் சேரலாம் என்று அச்சிலேயே இருக்கிறது. இலங்கை என்ற பெயர் அங்கே இருக்கிறது! ஆனால், ஒரு கையால் சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை குத்திவிட்டு, மறு கையால் எங்களுக்கு எப்படித் தகுதிச் சான்று எழுதுவார்கள்?

பாதுகாப்பு என்று காரணம் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாதந்தோறும் முகாமில் தணிக்கை நடக்கிறது. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பெயர் வாசிக்க, வேலைக்குப் போனவர்களும் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். உளவு பார்க்கும் கியூ பிரிவுப் போலீஸாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் யார் யார் என்பதுகூடத் தெரியும். பிறந்த நாள் முதல் இந்த அரசின் கண்முன்னே வளர்ந்த என்னைவிட, இவர்கள் துருவித் துருவி விசாரித்து அறிந்த இளைஞன் வேறு யார் இருக்க முடியும்?

2019-இல் குடியுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளுக்கு வழி திறந்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் முகாமே மகிழ்ந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு 1987-க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான் உதவும்.

1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுகிறேன், நிறுத்தாமல் பத்து புல்-அப் எடுக்கிறேன். இராணுவத்தில் வீரராகச் சேரும் அக்னிவீர் தேர்வுக்கான வயது வரம்பு எனக்கு முடியப்போகிறது. சிறப்புக் காரணம் இருந்தால் எந்தச் சிறாரையும் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவின்கீழ் எனக்காக அம்மா கொடுத்த மனுவுக்கு, நான் பதினெட்டு வயதைத் தாண்டும்வரை ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. என் தம்பிக்கு இப்போது பதினைந்து வயது. அவனும் இராணுவத்துக்குத்தான் போவேன் என்கிறான். அதே பிரிவின்கீழ் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தக நகலை இணைத்து அவனுக்கும் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் அந்த மனுவையாவது பிரித்துப் படித்து, முடியும் அல்லது முடியாது என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள்.