கட்டு கட்டாகக் கைப்பிரதி வேண்டாம், ஓர் ஆளுக்கு ஓர் அட்டை போதும்

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கைப்பிரதி ஊழியம், அதாவது பைபிள் வசனம் அச்சிட்ட தாள்களைக் கொடுப்பது, எப்படி நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்து மடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பாதித் தாள் தரையில் கிடக்கும், வசனத்தின் மேலேயே செருப்புத் தடம். நூறு பேருக்குக் கொடுத்தோம் என்று சபையில் சொல்லலாம். அந்த நூறில் ஆறுதல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஒரு நாளைக்கு ஓர் ஆள் போதும், அவர் முகம் பார்த்து, ஒரு வசன அட்டையை அவர் கையில் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து.

அட்டையை விசிட்டிங் கார்டு அளவில் அடியுங்கள். 9க்கு 5.5 செ.மீ. வைத்தால் ஓர் ஏ4 தாளில் 10 அட்டை வரும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை சட்டைப்பையில் மடங்காது. பளபளப்பு வேண்டாம், அதில் பேனா மை சரியாகப் பிடிக்காது. பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அவர் பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கத்தான். எழுத்து 14 பாயின்ட்டுக்குக் குறைந்தால் பெரியவர்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு வரியை டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் ஒட்டினால் எழுத்துகள் சிதைந்துபோகும். ஒரே ஒரு தாள் எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். சபைப் பெயர், ஆராதனை நேரம், போன் நம்பர் எதுவும் போடாதீர்கள். போட்டால் அது விளம்பர நோட்டீஸ் ஆகிவிடும்.

அதிகம் தவறுவது வசனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். சங்கீதம் 34:18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்ற பழைய மொழிபெயர்ப்பு நமக்கு மனப்பாடம், கேட்டதும் கண் கலங்கும். சபைப் பக்கமே வராத ஒருவருக்கு 'நொறுங்குண்ட', 'சமீபமாயிருந்து' இரண்டுமே தடுக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம், "உடைந்த உள்ளத்தார்க்கு அருகில் ஆண்டவர் இருக்கின்றார்." முதல் தடவை படிக்கிறவருக்கும் புரியும். அது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பைபிள் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு அது, தயங்காமல் எடுங்கள்.

எரேமியா 29:11-ஐ ஐசியு வாசலில் நிற்பவரிடம் கொடுக்காதீர்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று படித்தவுடன், நோயாளி பிழைத்துவிடுவார் என்று கடவுளே எழுதிக் கொடுத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனமே எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது.

சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனை வாசலில், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை உங்கள் பையிலேயே இருக்கட்டும். "சாப்பிட்டீங்களாம்மா? எந்த வார்டு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். பிறகு, "ஒரு வசனம் வெச்சிருக்கேன், தரட்டுமாம்மா?" வேண்டாம் என்றால் சரி. ஆனால் உடனே எழுந்து போகாதீர்கள். போனால், அதுவரை பேசியதெல்லாம் இந்த அட்டைக்காகத்தானா என்று அவருக்குத் தோன்றும். இன்னும் ஐந்து நிமிஷம் இருங்கள், தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுங்கள்.

சுகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது பாவம், அதை எந்தச் சாக்கிலும் மன்னிக்க முடியாது. "மாரியாத்தா பாத்துக்குவா" என்று அவர் சொன்னால் தலையாட்டிக் கேளுங்கள், வாதம் வேண்டாம். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு நம் விசுவாசத்தைப் பரப்பும் உரிமையைத் தந்திருக்கிறது. அதை வைத்து இன்னொருவர் நம்பிக்கையை இழிவாகப் பேச முடியாது. சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் கைப்பிரதி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். பசித்தவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரம் அது. பிள்ளைகளிடம் பெற்றோர் இல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

ஜெபிக்கச் சொல்லி அவரே கேட்டால், நோயாளியின் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு அந்தப் பெயரையே சொல்லுங்கள். தலையில் கை வைக்க வேண்டாம், சத்தம் உயர வேண்டாம், அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து பேசும், கேட்பவருக்குப் புரியாத மொழி) வேண்டாம். ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். அந்தப் பெயரை இன்னொரு அட்டையின் பின்பக்கம் எழுதி உங்கள் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையும் அவருக்காக ஜெபிக்க வேண்டும் அல்லவா.