ஒற்றைப்படை தேதியில் சைக்கிளுக்கு இடமில்லை

அமெரிக்காவில் கலிபோர்னியா-நெவாடா எல்லையில் இருக்கிறது டாஹோ ஏரி. அதற்கு மேலே இருக்கும் ஒரு ட்ரெயிலில், அதாவது மலைப்பாதையில், இரட்டைப்படை தேதிகளில் மட்டும்தான் மவுண்டன் பைக் ஓட்டலாம். 2, 4, 6 என்று வரும் நாட்கள் நமக்கு. 1, 3, 5 நமக்குக் கிடையாது. நடக்கிறவர்கள் எல்லா நாளும் வரலாம். எங்கள் சைக்கிள் கோஷ்டியில் இந்த விதியைத் திட்டாத ஆளே கிடையாது. நேற்றுகூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இதென்ன ரேஷன் கடையா, முறை வைத்து விடுவதற்கு?" என்று கேட்டிருந்தார், அதற்குப் பதினேழு லைக். நானும் ஒரு காலத்தில் திட்டியவன்தான். இப்போது எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் மானத்தைக் கொஞ்சம் வாங்கும் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2019, லேபர் டே விடுமுறை, அதாவது செப்டம்பர் முதல் திங்கட்கிழமையோடு சேர்ந்து வரும் மூன்று நாள். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து நாங்கள் நாலு பேர், கார் பின்னால் நாலு சைக்கிள், ஒரு டப்பா புளியோதரை. சனிக்கிழமை ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை செப்டம்பர் 1. கவனித்தீர்களா? 31-உம் ஒற்றைப்படை, மறுநாள் 1-உம் ஒற்றைப்படை. திங்கட்கிழமை 2ஆம் தேதி ட்ரெயில் நமக்குத் திறந்திருக்கும், ஆனால் அன்றைக்குத்தான் மொத்தக் கலிபோர்னியாவும் மலையிலிருந்து இறங்கும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். மொய்க்கு 101 எழுதும் ஊரில் பிறந்தவர்கள் நாங்கள், ஒற்றைப்படைதான் ராசி என்று வளர்ந்தவர்கள், அங்கே போய் மாட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை பிரச்சினை இல்லை. அன்றைக்குப் போனது ஃப்ளூம் ட்ரெயில் என்ற வேறொரு பாதை, அதற்கு இந்தத் தேதிக் கணக்கு கிடையாது. ஸ்பூனர் ஏரியில் ஆரம்பித்து மணல் ரோட்டில் ஏற வேண்டும். நாலைந்து மைல்தான், ஆனால் கடல்மட்டத்திலிருந்து நேராகப் போய் 7,000 அடிக்கு மேலே மிதித்தால் நுரையீரல் வாய்வழியே வெளியே வந்துவிடும்போல இருக்கும். வழியில் ஆஸ்பென் மரங்கள். அந்த வெள்ளைப் பட்டைகளில் பழைய பெயர்கள், தேதிகள், படங்கள். அந்தக் காலத்தில் இங்கே ஆடு மேய்க்க வந்த, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கத்து பாஸ்க் நாட்டுக்காரர்கள் கத்தியால் கீறியவை. மூச்சு வாங்க நிற்பதற்கு நல்ல சாக்கு.

மேலே மார்லெட் ஏரி. அதன் அணைக்கட்டைத் தாண்டியதும் ஃப்ளூம் ட்ரெயில் தொடங்குகிறது, அங்கிருந்து நாலரை மைல் கிட்டத்தட்டச் சமதளம். மலைச்சரிவில் எப்படிச் சமதளம் என்றால், அது சைக்கிளுக்காகப் போட்ட பாதையே இல்லை. 1859-இல் மலைக்கு அந்தப் பக்கம் நெவாடாவில் இருக்கும் வெர்ஜினியா சிட்டியில் வெள்ளி கிடைத்தது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க டாஹோவைச் சுற்றியிருந்த காட்டையே வெட்டிச் சாய்த்தார்கள், அந்த ஊருக்குக் குடிதண்ணீரும் இந்தப் பக்கத்திலிருந்துதான் போனது. 1870-களில் மலையோரமாக மரத்தால் வாய்க்கால் (அதுதான் ஃப்ளூம்) கட்டி, மலையைக் குடைந்து, தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வழிந்து போக எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் பாதையிலும் சரிவு. மர வாய்க்கால் மக்கிப் போய்விட்டது, அது உட்கார்ந்திருந்த திட்டில் இன்று நாம் ஓட்டுகிறோம். சில இடங்களில் அகலம் இரண்டு முழம் இருந்தால் அதிகம். இடது கைப்பக்கம் 1,500 அடிக்குக் கீழே ஏரி, கரையோரம் பச்சை, உள்ளே போகப் போக மை நீலம். ஏரியைப் பார்க்க ஆசையிருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே பார்க்கிற ஆள் ஒரேயடியாகப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுவான்.

(நம் ஆட்கள் ஏரியின் எமரால்ட் பே என்ற விரிகுடாவில் பார்க்கிங் தேடி ஒன்றரை மணி நேரம் சுற்றி, பத்து நிமிடம் போட்டோ எடுத்துக்கொண்டு, "டாஹோ பார்த்தாச்சு" என்று திரும்புகிறார்களே, அவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.)

ஞாயிறு காலையில்தான் புத்தி கெட்டது. டாஹோ ரிம் ட்ரெயில் என்று ஏரியைச் சுற்றி மலை முகட்டோடு போகும் 165 மைல் பாதை ஒன்று உண்டு. அதில் டாஹோ மெடோஸ் என்ற புல்வெளியிலிருந்து டன்னல் கிரீக் ரோடு வரை சுமார் 9 மைல், அதுதான் இந்தத் தேதிக் கணக்குப் பாதை. பலகை வாசலிலேயே இருக்கிறது, பெரிய எழுத்தில். பார்த்தோம். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் ஒருவன். அது நான்தான் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மைல் அருமையாகப் போனது. அப்புறம் ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பும் வளைவு. என் கணக்கில் மெதுவாகத்தான் வந்தேன். அங்கே மண் என்பது பொடிந்த கிரானைட், சர்க்கரையைக் கொட்டி வைத்ததுபோல இருக்கும், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது. வளைவுக்கு அந்தப் பக்கம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி. மணியை அடித்தேன், கத்தினேன். பெரியவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா திரும்பவே இல்லை. பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்து இழுக்க, அந்த அம்மா சரிவுப் பக்கமாக ஒரு கால் வைத்து ஒரு பைன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் புதருக்குள் விழுந்தேன். முழங்கையில் ஒரு ஜாண் நீளத்துக்குத் தோல் காணோம்.

பெரியவர் திட்டவில்லை. என்னைத் தூக்கிவிட்டு, சைக்கிளையும் நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்றைக்குத் தேதி என்ன என்று மட்டும் கேட்டார். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு என்ன பொய் சொல்வது? ஒன்று என்றேன். அந்த அம்மா அதற்குள் பையிலிருந்து பேண்டேஜ் எடுத்து என் கையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அவருக்கு இரண்டு காதும் கேட்காது என்று பெரியவர் சொன்னார். பின்னால் வருகிற சைக்கிள் தெரியாது என்பதால் காலண்டரைப் பார்த்து ஒற்றைப்படை நாளில் மட்டும்தான் இந்தப் பாதைக்கு வருவார்களாம்.

வந்த மூன்று மைலையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி நடந்தேன். எதிரே வந்த ஒவ்வொருவரும் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு நலமா என்று விசாரித்தார்கள். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

இப்போது குழுவில் சொல்லப்படும் வாதத்துக்கு வருகிறேன். எல்லோரும் எல்லா நாளும் போகட்டும், ஒருவருக்கொருவர் வழி விட்டால் போதும் என்கிறார்கள். வழி விடும் விதி ஏற்கெனவே இருக்கிறது, மஞ்சள் முக்கோணப் பலகையில் படம் போட்டே வைத்திருக்கிறார்கள்: சைக்கிள் எல்லோருக்கும் வழி விட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழி விட வேண்டும். காகிதத்தில் அழகு. ஆனால் என் மெதுவும் அந்த அம்மாவின் மெதுவும் ஒன்றில்லை. மணி அடித்தால் போதும் என்பவர்கள் எதிரே வருகிறவருக்குக் காது கேட்கும் என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. இந்த ஏரியின் மேற்குப் பக்கம் பாருங்கள். ரிம் ட்ரெயில் அங்கே சுமார் 50 மைல், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயிலோடு சேர்ந்து போகிறது, அதில் சைக்கிளுக்கு அடியோடு தடை. டெசலேஷன் வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியிலும் தடை, இப்படிப்பட்ட காடுகளுக்கான 1964-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரப் போக்குவரத்து கூடாது என்கிறது, அதில் சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே இரட்டைப்படையும் கிடையாது, ஒற்றைப்படையும் கிடையாது, என்றைக்குமே கிடையாது. அதனால்தான் 165 மைலையும் சைக்கிளில் சுற்றி முடிக்க யாராலும் முடியாது. கிழக்கில் பாதி நாளாவது நமக்கு என்று விட்டிருக்கிறார்கள். வேலி கிடையாது, காவலாளி கிடையாது, ஒரு பலகையும் சுவரில் தொங்கும் காலண்டரும்தான். அதுமட்டுமில்லை, இரட்டைப்படை நாளில் அங்கே நடக்க வருகிறவர்கள் சைக்கிள் வரும் என்று தெரிந்தே வருகிறார்கள். வளைவில் நம்மைப் பார்த்தால் திடுக்கிடுவதில்லை. அந்த நிம்மதிக்காகவே பாதி நாளைக் கொடுக்கலாம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லீப் இல்லாத வருஷத்தில் ஒற்றைப்படை நாட்கள் 186, இரட்டைப்படை 179. ஏழு நாள் நமக்குத் துண்டு விழுகிறது. பாதி வருஷத்துக்கு மேல் அங்கே பனி கிடக்கும் என்பதால் நிஜமான நஷ்டம் ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களின் 31ஆம் தேதிகள்தான். அந்த மூன்று நாளையாவது பாதிப் பாதி பிரித்துத் தரலாம், காலையில் அவர்களுக்கு, மதியத்துக்குமேல் நமக்கு. யாராவது மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் காலண்டரில் இரட்டைப்படையில் வரும் சனி ஞாயிறுகளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்னடா, முகூர்த்த நாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த முகூர்த்தம் ஆகஸ்ட் 2, ஞாயிறு. காரில் ஓர் இடம் காலி இருக்கிறது, சைக்கிள் உங்களுடையது, புளியோதரை என்னுடையது.